பல் டொக்டரிடம் போகப் பயமா? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் டொக்டரிடம் போவதை வருடக்கணக்காகத் தள்ளிப் போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னச் சூத்தை என்றால் ஒரே நாளில் அடைத்துவிடலாம். அதை விட்டால் நேர்வ் ஃபில்லிங், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது, இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டும். அதையும் விட்டால் பல்லைக் கழற்றத்தான் வேண்டும். பயந்து பயந்து விலகுகிறவர் கடைசியில் தான் எதற்குப் பயந்தாரோ அதிலேயே கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார். பயம் போன பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள், அது தானாகப் போகாது. பயத்தோடேயே போய்வருவதற்கு ஒழுங்கு இருக்கிறது.

1. முதலில் எதற்குப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

"பல் டொக்டர் என்றாலே பயம்" என்று சொன்னால் எந்த டொக்டராலும் உதவ முடியாது. ஊசிக்கா? துளைக்கும் சத்தத்துக்கா? மல்லாந்து படுத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாமல் இருப்பதற்கா? வாந்தி வந்துவிடும் என்றா? மயங்கி விழுவோம் என்றா? அல்லது வாயைத் திறந்தவுடன் "இவ்வளவு நாளும் என்ன செய்தீங்க?" என்று ஏச்சு விழும் என்றா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. வெட்கத்தால் போகாமல் இருப்பவர்கள், நான் நினைக்கிறேன், ஊசிக்குப் பயந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் அதைப் பயம் என்று சொல்லமாட்டார்கள், "நேரமில்லை" என்பார்கள்.

பயத்தின் அளவைப் பார்க்கப் பல் மருத்துவர்களே பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் உண்டு. நாளைக்கு டொக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெளியே கதிரையில் காத்திருக்கும்போது? பல்லைத் துளைக்கப் போகிறார்கள் என்றால்? பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்? முரசில் விறைப்பு ஊசி போடப் போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் பயமே இல்லை என்றால் 1, மிக மோசமான பயம் என்றால் 5. கூட்டினால் 5க்கும் 25க்கும் இடையில் ஒரு எண் வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம் என்று கணக்கு. அப்படி வந்தால் கீழே 8ஆம் படியையும் முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். எந்தக் கேள்விக்கு 5 போட்டீர்களோ, அதைத்தான் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

2. வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

முதல் தடவை போகிற நாள் வலி நாளாக இருந்தால், பயத்தோடு வலியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. சீழ் உள்ள சதையில் அமிலத் தன்மை கூடுவதால் மருந்து நரம்புக்குள் இறங்குவது குறைகிறது. "எனக்கு விறைக்கவே இல்லை, அப்படியே பிடுங்கினார்கள்" என்று சொந்தக்காரர் சொல்லும் கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். வலியில்லாத பல்லை விறைக்க வைப்பது எவ்வளவோ சுலபம்.

தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம்: இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. இரண்டு கிழமையில் ஆறாத புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாய் திறக்கும் அளவு குறைவது, இவை இருந்தால் பயத்தைப் பார்க்காமல் போங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதை முன்பே பிடித்தால் குணப்படுத்தலாம்.

போகும் நாள்வரை வலியைச் சமாளிக்க, பெரியவர்களுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் உடல் எடை குறைந்தவர்களும் டொக்டரைக் கேட்டு இன்னும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். காய்ச்சலும் இருந்தால் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அந்தக் குளிசைகள் ஆபத்து. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பல்லின் பொந்தில் மட்டும் வையுங்கள், முரசில் பட்டால் பொசுக்கும். பார்மசியில் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக்கை வாங்கிப் போட்டு வீக்கம் வற்றியதும் "சரியாகிவிட்டது" என்று இருப்பதுதான் மிகப் பெரிய பொறி. பல்லுக்குள் இருக்கும் கிருமி அங்கேயேதான் இருக்கிறது. வீக்கம் திரும்பி வரும்.

3. எங்கே போவது, செலவு எப்படி வரும்

அரசாங்கப் பக்கம் என்றால் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலை. லிப்டன் சுற்றுவட்டத்தில், கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியிலும் பல் பிரிவு இருக்கிறது. சிகிச்சை இலவசம். சிலவேளை மருந்தை மட்டும் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். காலையில் நேரத்தோடு போக வேண்டும், 7 மணிக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. பயந்தவர்களுக்கு அங்கே கஷ்டமானது கூட்டமும் அவசரமும்தான். ஆனால் சிக்கலான பல், சத்திரசிகிச்சை, முழு மயக்கம் தேவைப்படும் நிலை என்று வந்தால் விசேட நிபுணர்கள் இருப்பது அங்கேதான்.

தனியார் என்றால் இரண்டு வகை. தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுவது ஒன்று. அதில் டொக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு, ஃபோனிலோ ஆப்பிலோ பதிந்தால் பதிவுக் காசு எல்லாம் சேரும். அது பார்ப்பதற்கு மட்டும். அடைப்பது, கழற்றுவது தனிக் கணக்கு. மற்றது பக்கத்துத் தெருவில் உள்ள பல் கிளினிக். பயந்தவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதை. ஒரே டொக்டர், ஒரே கதிரை, ஒரே முகம். நம்பிக்கை வளர்வதற்கு அதுதான் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழில் கதைக்கக்கூடிய டொக்டரைத் தேடிப் பிடிக்கலாம். அவருடைய பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று சபையின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் ஏமாற்றம் வருவது விலையால் அல்ல, அரைகுறையாகக் கேட்பதால். நேர்வ் ஃபில்லிங் எவ்வளவு என்று கேட்டு ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போவார்கள். பிறகு பார்த்தால் அது ஒரு தடவைக்கான காசு, எக்ஸ்ரே வேறு, மேலே போடும் உறை வேறு. கடைவாய்ப் பல்லுக்கு உறை பெரும்பாலும் தேவைப்படும், இல்லாவிட்டால் பல் பிளக்கலாம். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "பல் ஒன்றுக்கா, ஒரு தடவைக்கா? எத்தனை தடவை வர வேண்டும்? எக்ஸ்ரே உள்ளேயா, வெளியேயா? உறையோடு மொத்தம் எவ்வளவு?" பதிலை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். இடையில் காசு முட்டுப்பட்டு நேர்வ் ஃபில்லிங்கைப் பாதியில் விட்டால், தற்காலிக அடைப்புக் கழன்று கிருமி திரும்பவும் உள்ளே போகும்.

4. நம்பர் எடுக்கும்போது

ஃபோனில் பயத்தைச் சொல்லிவிடுங்கள். "எனக்குப் பல் டொக்டர் என்றால் சரியான பயம். முதல் நாள் பார்க்க மட்டும் வருகிறேன், அன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்." இந்த இரண்டு வசனமும் போதும். போகும் நாளையும் சிகிச்சை நாளையும் இப்படிப் பிரித்துவிடுவது, இங்கே சொல்லும் எல்லாவற்றிலும் அதிகம் உதவும் வேலை. முதல் நாள் கண்ணாடியால் பார்ப்பார், தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். எழும்பி வீட்டுக்கு வந்துவிடலாம். கதிரையில் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு தெரிந்துகொள்ளும்.

முதலாம் இரண்டாம் நம்பரைக் கேளுங்கள். பின்னேர கிளினிக்கில் 18ஆம் நம்பர் கிடைத்தால், டொக்டர் பிந்தி வரும் நாளில் இரண்டு மணித்தியாலம் அந்தத் துளைக்கும் சத்தத்துக்குள் இருக்க வேண்டிவரும். அப்படித்தான் பலர் கதவுவரை வந்து திரும்பிப் போகிறார்கள். பிந்திய நம்பர்தான் கிடைத்தது என்றால், கவுண்டரில் ஃபோன் நம்பரைக் கொடுத்து, "என் முறைக்கு முதல் இரண்டு பேர் இருக்கும்போது அடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்து வாருங்கள்.

பல் கழற்றுவதைப் போயா நாளுக்கோ நீண்ட விடுமுறைக்கோ முதல் நாள் வைக்காதீர்கள். பிறகு இரத்தமோ வலியோ வந்தால் கிளினிக் பூட்டியிருக்கும். கிழமையின் தொடக்கத்தில், காலையில் வைப்பது நல்லது. நாள் முழுக்க நினைத்து நினைத்து வேகவும் தேவையில்லை.

5. கையில் கொண்டுபோக வேண்டியவை

அடையாள அட்டை, பழைய எக்ஸ்ரே, வேறு வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர் என்றால் அந்தக் கிளினிக் கொப்பி. குடிக்கும் குளிசைகளின் பெயரைச் சொல்ல வராது, ஆகவே வெற்று அட்டைகளையே பையில் போடுங்கள். இவற்றைக் கேட்காமலே சொல்ல வேண்டும்: வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து (இரத்தம் உறையும் அளவைக் காட்டும் அண்மைய ஐ.என்.ஆர். துண்டோடு), இருதய வால்வுப் பிரச்சினை, சீனி வருத்தம், எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்றாகக் குடிக்கும் குளிசை, பெனிசிலின் ஒவ்வாமை, கர்ப்பம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பயத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதிக் கொண்டுபோங்கள். கதிரையில் இருந்ததும் வாய் வராது, துண்டை நீட்டினால் போதும்.

6. போகும் நாள் காலை

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது முழு மயக்கம் கொடுக்கும்போது மட்டும்தான். விறைப்பு ஊசிக்குப் பசியோடு போனால், அதிலும் சீனிக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால், மயக்கம்தான் வரும். கடும் சாயத் தேத்தண்ணியும் கோப்பியும் அன்றைக்குக் குறைவாக. ஏற்கனவே படபடக்கும் நெஞ்சை அவை இன்னும் கூட்டும். யாரோ கொடுத்த தூக்கக் குளிசையைத் தைரியத்துக்கு விழுங்காதீர்கள், சாராயமும் வேண்டாம். இரண்டும் டொக்டர் கொடுக்கும் மருந்தோடு மோதலாம்.

கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். "இதுக்கெல்லாம் பயமா?" என்று கேட்கிறவர் வேண்டாம். பேசாமல் பக்கத்தில் இருக்கிறவர் போதும்.

7. கதிரையில்

வாயைத் திறக்க முதல் கை அடையாளத்தைப் பேசிக்கொள்ளுங்கள். "இடது கையைத் தூக்கினால் நிற்பாட்டுங்கள்." முதல் தடவை தேவையே இல்லாமல் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நிற்பாட்டுகிறார் என்று கண்டதும் பாதிப் பயம் இறங்கும். நிற்பாட்டாத டொக்டர் என்றால் அடுத்த தடவை வேறு இடம் பாருங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டொக்டரோ, கூட உதவி செய்யும் மிசியோ சிங்களம் மட்டும் கதைப்பவர் என்றால் இந்த ஐந்தையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "மட்ட ஹரியட்ட பயய்" – எனக்குச் சரியான பயம். "கியலா கரன்ன" – சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "பொட்டக் நவத்தன்ன" – கொஞ்சம் நிற்பாட்டுங்கள். "ரிதெனவா" – நோகிறது. "தாம ஹிரி வெட்டுனே நே" – இன்னும் விறைக்கவில்லை.

ஊசி எப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டால் அது பாதியாகச் சிறுக்கும். முதலில் முரசைத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்கி, விறைப்பு ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். அது வேலை செய்ய ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும், தடவிய உடனே குத்தினால் பயனில்லை. பிறகு கன்னத்தை விரலால் இழுத்துப் பிடிப்பார். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அதற்குப் பிறகு வருவது குத்தல் இல்லை, உள்ளே ஏதோ உப்புவது போன்ற ஓர் அமுக்கம். மருந்து வேகமாகப் போனால்தான் அது வலிக்கும். "மெதுவாகப் போடுங்கள் டொக்டர்" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரு குழாய் மருந்துக்கு ஒரு நிமிடம் எடுத்தால் நல்லது. கண்ணை மூடி, மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதும் உதவும். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தால் பயப்பட வேண்டாம். விறைப்பு மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் அது, சில நிமிடத்தில் அடங்கும்.

மேல் பல் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விறைக்கும். மேல் பல்லைக் கழற்றுவதென்றால் அண்ணத்திலும் ஒரு ஊசி வரும். அது கொஞ்சம் கூடக் கடுக்கும், ஆனால் ஒரு சில விநாடிதான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குத் தாடையின் பின்பக்கம் போடுவார்கள். 5 முதல் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். அந்தப் பக்கத்து உதட்டில் பாதி தடித்து, தொட்டால் வேறு யாருடையதோ போல் இருக்க வேண்டும். உதடு விறைக்காவிட்டால் தொடங்க விடாதீர்கள், இன்னொரு ஊசி போடலாம். அவசரப்பட்டுத் தொடங்கிய ஒரு நாள்தான் பலருக்குப் பத்து வருடப் பயமாக மாறுகிறது.

விறைத்த பிறகும் அமுக்கமும் ஆட்டமும் தெரியும். கழற்றும்போது "கறக்" என்று காதுக்குள் கேட்கும். அது வலி இல்லை, விறைப்பு மருந்து அமுக்கத்தை மறைக்காது. கரண்ட் அடித்த மாதிரி கூராக வந்தால் அதுதான் வலி, கையைத் தூக்குங்கள். துளைக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். வாய் நிறைந்து மூச்சடைக்கும் என்று பதறாமல் மூக்கால் மூச்சு விடுங்கள், மிசி குழாயால் உறிஞ்சி எடுப்பார். சத்தம்தான் பிரச்சினை என்றால் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் போடுங்கள், மற்றக் காது டொக்டருக்கு.

மயங்குகிறவர்களுக்குத் தனி வழி. ஊசியைக் கண்டதும் முகம் வெளிறி விழுகிறவர்களுக்குப் பிரஷர் திடீரென்று இறங்குகிறது. அவர்கள் உடம்பைத் தளர்த்தினால் இன்னும் மோசமாகும். நேர் எதிராக, கையையும் காலையும் வயிற்றையும் 10–15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடாவது தெரியும். 20–30 விநாடி விட்டு மறுபடி, ஐந்து தடவை. ஒரு கிழமை வீட்டில் பழகிக்கொண்டு போங்கள். ஊசி போடும் இடத்தை மட்டும் தளர்வாக வைத்து, கதிரையைப் படுக்கையாக்கச் சொல்லுங்கள்.

ஓங்காளம் வருகிறவர்கள் எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு காலைக் கதிரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கவனம் அங்கே போனதும் தொண்டை அடங்கும். நுனி நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும். மல்லாந்து படுக்காமல் சாய்ந்து இருக்கவும் கேட்கலாம்.

8. இவ்வளவும் செய்தும் முடியவில்லை என்றால்

முந்தின இரவும் சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம் முன்பும் குடிக்கும் பதற்றக் குளிசையை டொக்டர் எழுதித் தரலாம். அதைக் குடித்த நாளில் வாகனம் ஓட்டக் கூடாது, தனியாகத் த்ரீவீலில் வரவும் கூடாது, ஒருவர் கூட இருக்க வேண்டும். முழு மயக்கம் கடைசி வழி. அதற்கு ஆஸ்பத்திரி அனுமதி, இரத்தப் பரிசோதனை, 6 மணித்தியாலம் சாப்பிடாமல் இருப்பது எல்லாம் வரும். பல பற்களை ஒன்றாகக் கழற்ற வேண்டியவர்களுக்கு அது பொருந்தும், ஒரு பல்லை அடைப்பதற்கு வேண்டாம். மயக்கத்தில் எல்லாம் முடிந்தாலும் பயம் அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பல் நினைவு வந்தாலே தூக்கம் போகிறது, நெஞ்சு அடைக்கிறது என்ற அளவுக்கு இருந்தால் மனநல உதவி தேவை. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

9. முடிந்த பிறகு

உதட்டு விறைப்பு 2 முதல் 4 மணித்தியாலம் இருக்கும். அதுவரை சூடான தேத்தண்ணி வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்ளவும் கூடும். கழற்றியிருந்தால் பஞ்சை 30–45 நிமிடம் இறுக்கிக் கடியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. 24 மணித்தியாலத்துக்குக் கொப்பளிக்க, துப்ப, ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக் கூடாது. சிகரெட்டும் வெற்றிலையும் காயம் ஆறும்வரை வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நான்காம் நாள் காதுவரை இழுக்கும் வலி புதிதாக வந்தால் குழியில் இரத்தக்கட்டி கரைந்துவிட்டது என்று பொருள். அன்றே போனால் மருந்து வைத்துவிடுவார்கள். மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தால் அது முடியும்வரையும், முடிந்து இரண்டு மூன்று நாளுக்கும் மதுபானம் கூடாது.

கவுண்டரை விட்டு வெளியேற முதல் அடுத்த திகதியை எடுங்கள். வீட்டுக்குப் போய் எடுப்பதாகச் சொன்னால் இன்னும் ஐந்து வருடம் போய்விடும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றாலும் ஆறு மாதத்தில் சுத்தம் செய்ய ஒரு நாள், அதே டொக்டர், முதலாம் நம்பர்.